ஏணி கட்டித் தந்த ஆசிரியர் – பெர்சி பேஜ்

மாலையில் கடைசி மணி அடித்ததும் நம் கூடைப்பந்துத் திடலில் எழும் ஆரவாரத்தை நாம் அனைவரும் அறிவோம். ஜூன் மாதத்தில் பள்ளி திறந்தவுடன் குழுவில் சேர இருபது பேர் ஓடி வருகிறோம். காலாண்டுத் தேர்வு நெருங்கும்போது பன்னிரண்டு பேர் மீதம் இருக்கிறோம். முதல் போட்டியில் வென்று, கோப்பை தலைமையாசிரியை அறையின் கண்ணாடி அலமாரியில் ஏறியதும், அந்தப் பன்னிரண்டும் எட்டாகிறது. வென்றுவிட்டோமே, இனி என்ன பயிற்சி என்று எண்ணுகிறோம். அடுத்த போட்டியில் தோற்றுத் திரும்பும்போது பேருந்தில் நாம் என்ன பேசுகிறோம்? வெயில் அதிகம் என்கிறோம். நடுவர் சரியில்லை என்கிறோம். திடல் மேடும் பள்ளமும் என்கிறோம். பயிற்சிக்கு வராமலிருந்த நாட்களை மட்டும் ஒருவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

நமக்குக் கூலி இல்லை. விளையாட்டால் வேலை கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. அப்படியிருக்க, வென்ற மறுநாளும் திடலுக்கு வா, நேற்றைவிட இன்று நன்றாக ஆடு என்று ஒரு குழுவைத் தூண்டுவது எப்படி? இந்தக் கேள்விக்குத் தம் வாழ்நாளில் இருபத்தைந்து ஆண்டுகளைச் செலவிட்டு விடை கண்டவர் ஒருவர் உண்டு. அவர் படைத்தலைவர் அல்லர். புகழ்பெற்ற விளையாட்டு வீரரும் அல்லர். தட்டச்சும் கணக்குப்பதிவும் கற்பிக்கும் பள்ளியொன்றின் ஆசிரியர். கனடா நாட்டில் எட்மன்டன் என்னும் நகரில் வாழ்ந்த ஜான் பெர்சி பேஜ் அவர்களின் வரலாற்றை இங்குக் காண்போம்.

இளமையும் கல்வியும்

பெர்சி பேஜ் 1887ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து ரோச்செஸ்டர் நகரில் பிறந்தார். பெற்றோர் கனடா நாட்டினர். சிறுவன் வளர்ந்ததும் கனடாவில், ஒன்டாரியோ மாநிலத்தைச் சேர்ந்த பிரான்டி என்னும் சிற்றூரில்தான். குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். மாட் ரோச் என்னும் மங்கையை மணந்தார். இந்த அம்மையாரை நாம் மறந்துவிடக் கூடாது. பிற்காலத்தில் குழு நெடுந்தூரம் பயணம் செய்தபோதெல்லாம், அப்பெண்களுக்குத் தாய் போல் உடன் சென்று காத்தவர் இவரே.

1912ஆம் ஆண்டில் பேஜ் மேற்கே எட்மன்டன் நகருக்கு வந்தார். அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் வணிகக் கல்வியைத் தொடங்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அல்பர்ட்டா என்ற அந்த மாநிலமே 1905இல்தான் உருவாயிற்று. 1921இல்கூட எட்மன்டனின் மக்கள்தொகை அறுபதாயிரத்தை எட்டவில்லை. குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே முப்பது பாகை வரை இறங்கும் ஊர் அது. அந்த ஊரில் மெக்டூகல் வணிக உயர்நிலைப் பள்ளியில், வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்க வேண்டிய எளிய வீட்டுப் பெண்கள் பலர் தட்டச்சு, சுருக்கெழுத்து, கணக்குப்பதிவு ஆகியவற்றைக் கற்று வந்தனர்.

குழு பிறந்த கதை

கூடைப்பந்து அப்போது புதிய ஆட்டம். கனடாவில் பிறந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், பழக்கூடைகள் இரண்டை உயரத்தில் மாட்டி அதைத் தொடங்கினார். மறு ஆண்டே ஸ்மித் கல்லூரியின் ஆசிரியை செண்டா பெரன்சன் அதனைத் தம் மாணவியருக்குக் கற்பித்தார். ஆனால், பெண்களின் உடல் தாங்காது என்று அந்நாளில் பலர் கருதியதால், திடல் மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொருத்தியும் தனக்குரிய பகுதிக்குள்ளேயே நிற்க வேண்டும். எல்லையைத் தாண்டி ஓடக் கூடாது. இவ்வகை விதிகளே பல இடங்களில் பல்லாண்டுகள் பெண்களுக்கு வழங்கி வந்தன.

1914ஆம் ஆண்டில் பேஜ் தம் பள்ளி மாணவியரின் கூடைப்பந்துக் குழுவை ஏற்றார். மறு ஆண்டே அக்குழு மாநில வெற்றிக் கோப்பையைப் பெற்றது. அத்துடன் கதை முடிந்திருக்கலாம். படிப்பு முடிந்து, ஆளுக்கொரு அலுவலகம் போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆனால் அப்பெண்களுக்குப் பிரிய மனமில்லை. பள்ளியை விட்டாலும் சேர்ந்து ஆட விரும்பினர். தங்கள் ஆசிரியரே பயிற்சியாளராகத் தொடர வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டனர். 1915 ஜூன் மாதத்தில், பழைய மாணவியர் சங்கமாக ஒரு கூடைப்பந்துக் கழகம் உருவாயிற்று. உலகம் பின்னர் எட்மன்டன் கிராட்ஸ் என்று அறிந்த குழு இதுவே. கிராட்ஸ் என்றால் படிப்பை முடித்தவர்கள் என்பது பொருள்.

இந்தத் தொடக்கத்தில் நாம் கருத வேண்டிய ஒன்று உண்டு. குழுவை ஆசிரியர் கட்டாயப்படுத்தி அமைக்கவில்லை. பெண்களே கேட்டு வாங்கினார்கள். தானாக எழுந்த அந்த ஆசையை அவியவிடாமல் காத்ததே பேஜின் பணி. அவர் அதற்காக ஊதியம் பெறவில்லை. ஆட்டக்காரர்களும் ஆட்டத்திற்காக ஒரு காசும் பெறவில்லை. பகலில் தட்டச்சராகவும், எழுத்தராகவும், கடையிலும் பள்ளியிலும் உழைத்துவிட்டு, மாலையில் பந்தைத் தொட்டார்கள்.

ஏணியின் படிகள்

பேஜ் கண்ட முறையை ஓர் ஏணிக்கு ஒப்பிடலாம். பள்ளியில் புதிதாகச் சேரும் பெண்களுக்கு இளையோர் குழு. அதில் தேறியவர்களுக்குப் பள்ளியின் மூத்தோர் குழு. படிப்பு முடிந்தபின் கிராடெட்ஸ் என்னும் இரண்டாம் நிலைக் குழு. அதற்கும் மேலே கிராட்ஸ். எல்லாப் படிகளிலும் கற்பிக்கப்பட்ட ஆட்ட முறை ஒன்றே. ஆகவே கீழ்ப்படியிலிருந்து ஒருத்தி மேலே வந்தால், அவள் புதிதாக ஒன்றும் கற்கத் தேவையில்லை. கற்றதையே இன்னும் விரைவாகவும் பிழையின்றியும் செய்தால் போதும்.

இந்த ஏணி இரண்டு வேலைகளைச் செய்தது. கீழே நிற்பவளுக்கு, தான் ஏறவேண்டிய அடுத்த படி எது என்பது கண்ணெதிரே தெரிந்தது. உலகக் கோப்பையை நினைத்து மலைக்க வேண்டியதில்லை. அடுத்த படியை நினைத்தால் போதும். மேலே நிற்பவளுக்கோ, தன் இடத்தை ஏற்கத் தகுதியுள்ள ஒருத்தி பின்னால் ஆயத்தமாக நிற்கிறாள் என்பது தெரிந்தது. ஆகவே வெற்றியின் மயக்கத்தில் அவள் உறங்கிவிட முடியாது. பேஜ் ஒருவரையும் பயமுறுத்த வேண்டியிருக்கவில்லை. ஏணியே அந்த வேலையைச் செய்தது.

இருபத்தைந்து ஆண்டுகளில் கிராட்ஸ் குழுவில் ஆடியவர்கள் 38 பேர் மட்டுமே. அவர்களில் இருவர் தவிர மற்ற அனைவரும் அதே பள்ளியில் படித்தவர்கள். வேறு ஊர்களிலிருந்து பேர்பெற்ற ஆட்டக்காரிகளைத் தேடிப் பிடித்து வந்து வெற்றி பெறும் குறுக்குவழியை அவர் நாடவில்லை. தன் தோட்டத்துக் கன்றுகளையே மரமாக்கினார். 38 பேருக்கு மட்டுமே இடம் என்றால், ஏணியில் ஏறத் தொடங்கி உச்சியை எட்டாமலே நின்றவர்கள் அதைவிடப் பன்மடங்கு இருந்திருப்பார்கள். அவர்களுடைய உழைப்பு வீணா? அல்லவே. மேல்குழு பயிற்சி செய்ய எதிரே நிற்க வலுவான இன்னொரு குழு வேண்டுமல்லவா? கிராடெட்ஸ் பெண்கள் எதிரே நின்று ஆடியதால்தான் கிராட்ஸ் கூர்மை பெற்றது. கோப்பையில் அவர்கள் பெயர் இல்லை. வெற்றியில் அவர்கள் பங்கு உண்டு. நம் திடலில் கோட்டுக்கு வெளியே நின்று பந்தை எடுத்துக் கொடுக்கும் தங்கைகளை இனி நாம் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

சிறியதைச் செம்மையாகச் செய்

பேஜ் எத்தனை மணி நேரம் பயிற்சி கொடுத்தார் என்று கேட்டால் வியப்பே ஏற்படும். வாரத்திற்கு இரண்டே நாட்கள். வேலைக்குப் போகும் பெண்களிடம் அதற்குமேல் கேட்பது முறையன்று என்பதை அவர் அறிந்திருந்தார். ஆனால், அந்த இரண்டு நாட்களிலும் வராமல் இருப்பதை அவர் பொறுத்துக்கொள்வதில்லை. குறைவாகக் கேள், கேட்டதை முழுமையாகக் கேள் என்பது அவர் வழி எனலாம்.

பயிற்சியில் அவர் கற்பித்த ஆட்ட முறைகளும் மிகச் சில. எதிராளியைத் திகைக்க வைக்கும் நூறு தந்திரங்களை அவர் நாடவில்லை. சிறிய தூரத்திற்கு விரைவாகவும் குறிதவறாமலும் பந்தைக் கைமாற்றுதல், கூடையருகே தக்க இடத்தை அடைதல், யார் நல்ல இடத்தில் இருக்கிறாளோ அவளுக்கே பந்தைத் தருதல் ஆகிய எளிய செயல்களையே, எண்ணாமலே கை தானாகச் செய்யும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார். தானே புள்ளி எடுத்துப் பெயர் வாங்க வேண்டும் என்ற எண்ணத்திற்கு அவர் குழுவில் இடமில்லை.

தட்டச்சு கற்கும் நம் அக்காமார் இதை எளிதில் உணர்வார்கள். முதல் நாளில் ஏ, எஸ், டி, எஃப் என்ற எழுத்துகளையே பக்கம் பக்கமாக அடிக்கிறோம். அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அலுப்பைத் தாண்டிய விரல்களே பின்னர் பார்க்காமல் அடிக்கின்றன. பேஜ் வணிகக் கல்வி ஆசிரியர் அல்லவா? வகுப்பறையில் தட்டச்சு இயந்திரத்தின் முன் எது உண்மையோ, அதுவே கூடைப்பந்துத் திடலிலும் உண்மை என்பதை அவரைவிட யார் நன்கறிந்திருக்க முடியும்?

இந்தப் பயிற்சியின் பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டு: குழுவைச் சேர்ந்த மார்கரெட் மெக்பர்னி 1931ஆம் ஆண்டில், ஃப்ரீ த்ரோ எனப்படும் தனி எறிகளில் தொடர்ந்து 61 முறை தவறாமல் பந்தைக் கூடையில் இட்டார். எதிரில் தடுப்பார் யாருமில்லை, அவசரமும் இல்லை. இருந்தும் பத்து எறிகளைத் தொடர்ந்து போட முயன்று பாருங்கள். 61 என்பது எத்தனை மாலைகளின் உழைப்பு என்பது விளங்கும்.

ஆண்களின் குழுக்களோடும் தம் பெண்களை அவர் ஆட வைத்தார். தம்மைவிட உயரமும் வேகமும் உள்ளவர்களோடு ஆடினால்தான் தன் குறை தனக்குத் தெரியும். எளிதில் வெல்லக் கூடியவர்களோடு மட்டும் ஆடுகிறவர்கள் வெற்றியை எண்ணலாம். முன்னேற்றத்தை எண்ண முடியாது.

ஒழுக்கத்தில் அவர் கண்டிப்பானவர். புகையும் மதுவும் கூடாது. நல்ல பண்புள்ள பெண்ணாக இருப்பதே முதன்மை, ஆட்டக்காரியாக இருப்பது அதன் பின்னரே என்பது அவர் கொள்கை. ஆனால் அவர் கண்டிப்பு கூச்சலாக வெளிப்பட்டதில்லை. அமைதியான மனிதர். ஆட்டக்காரர்களுக்கு அவர் என்றும் மிஸ்டர் பேஜ்தான். பேரப்பிள்ளைகளைக் கண்ட பின்னரும் அவர்கள் அந்த மரியாதைப் பெயரையே வழங்கி வந்தார்கள். அன்பும் அச்சமும் கலந்த அந்த மரியாதை, விசிலாலும் வசையாலும் கிடைப்பதன்று.

உலகம் கண்ட வெற்றிகள்

1922இல் குழு ஒன்டாரியோவின் லண்டன் நகருக்கு இரயிலேறிச் சென்றது. கிழக்குக் கனடாவின் வெற்றிக் குழுவான லண்டன் ஷாம்ராக்ஸோடு இரண்டு ஆட்டங்கள். ஒன்று ஆண்களுக்கான விதிப்படி; மற்றொன்று பெண்களுக்கான விதிப்படி. திடல் முழுவதும் ஓடி ஆடும் முறைக்குப் பழகியிருந்த எட்மன்டன் பெண்கள் முன்னதில் வென்றனர், பின்னதில் தோற்றனர். இரண்டின் புள்ளிகளையும் கூட்டியபோது வெற்றி அவர்களுடையதாயிற்று. கனடாவின் தேசியக் கோப்பை அன்று அவர்கள் கைக்கு வந்தது. குழு கலைந்த 1940ஆம் ஆண்டு வரை அதை வேறொருவரும் பறிக்கவில்லை.

1923இல், உலக வெற்றியாளர் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட கிளீவ்லாண்டு நகரத்து அமெரிக்கக் குழு எட்மன்டனுக்கு வந்தது. இரண்டு ஆட்டங்களிலும் எட்மன்டன் பெண்களே வென்றனர். அந்த ஆண்டு முதல் கனடா, அமெரிக்கக் குழுக்களிடையே நடந்த போட்டிக்கு அண்டர்வுட் கோப்பை என்று பெயர். அதை வழங்கியது தட்டச்சு இயந்திரம் செய்யும் அண்டர்வுட் நிறுவனம்! பகலெல்லாம் தட்டச்சு இயந்திரத்தின் முன் அமர்ந்த பெண்களுக்கு இதைவிடப் பொருத்தமான கோப்பை ஏது? பதினேழு ஆண்டுகள் அது அவர்களிடமே இருந்து, இறுதியில் நிலையாக அவர்களுக்கே உரியதாயிற்று.

1924இல் கடல் கடந்து பிரான்சு நாட்டிற்குச் சென்றனர். பாரிசில் ஒலிம்பிக் விளையாட்டுகள் நடந்த ஆண்டு அது. பெண்களின் கூடைப்பந்துக்கு ஒலிம்பிக்கில் இடமில்லை. ஒலிம்பிக்கைப் புதுப்பித்த கூபெர்டென் பிரபுவே பெண்கள் போட்டியிடுவதை விரும்பாதவர். ஆயினும், பெண்களின் விளையாட்டுக்காகப் போராடிய ஆலிஸ் மில்லியா அம்மையார் 1921இல் நிறுவிய அனைத்துலக மகளிர் விளையாட்டுக் கூட்டமைப்பின் ஆதரவில் அங்கு ஆட்டங்கள் நடந்தன. ஆடிய ஆறிலும் எட்மன்டன் பெண்கள் வென்றனர். அக்கூட்டமைப்பு அவர்களை உலக வெற்றியாளர்களாக ஏற்றது. 1924, 1928, 1932, 1936 ஆகிய நான்கு ஒலிம்பிக் காலங்களிலும் அவர்கள் ஆடிய 27 காட்சி ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. ஆனால் பதக்கம் ஒன்றும் கிடையாது. பதக்கம் இல்லை என்று தெரிந்தும் நான்கு முறை சென்று ஆடினார்கள் என்பதையே நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1915 முதல் 1940 வரை குழு பெற்ற வெற்றிகள் 502, தோல்விகள் 20 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஒரு காலத்தில் தொடர்ந்து 147 வெற்றிகள். மற்றொரு காலத்தில் தொடர்ந்து 78. கூடைப்பந்தைத் தொடங்கிய நெய்ஸ்மித் அவர்களே இக்குழுவை மனமாரப் பாராட்டினார். பெண்கள் திடல் முழுவதும் ஓடினால் உடல் கெடும் என்ற வாதத்திற்கு, வாதம் செய்யாமலே விடை கொடுத்தவர்கள் இவர்கள்.

தோல்வி வந்தபோது

வெற்றிகளைப் படிக்கும்போது, இவர்களுக்குத் தோல்வியின் கசப்பே தெரியாது என்று எண்ணத் தோன்றும். அது சரியன்று. 1933ஆம் ஆண்டில் ஒக்லஹாமா மாநிலத்திலிருந்து டூரண்ட் கார்டினல்ஸ் என்னும் அமெரிக்கக் கல்லூரிப் பெண்களின் குழு எட்மன்டனுக்கு வந்தது. அவர்களும் எளிய குடும்பத்துப் பெண்களே, கடுமையாகப் பயின்றவர்களே. எட்மன்டன் பெண்கள் தங்கள் சொந்த ஊரில், தங்களைப் பார்த்துப் பெருமைப்பட்ட மக்களின் முன்னிலையில், அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களிலும் தோற்றார்கள்.

பதினெட்டு ஆண்டுகள் கட்டிய கட்டடம் ஆட்டம் கண்ட நேரம் அது. அடுத்து என்ன செய்யலாம்? வெளியூர்களிலிருந்து உயரமான ஆட்டக்காரிகளைச் சேர்க்கலாம். பழைய முறை போதாது என்று எல்லாவற்றையும் மாற்றலாம். அல்லது, போதும் என்று கலைந்தும் விடலாம். பேஜின் குழு இவற்றுள் ஒன்றையும் செய்யவில்லை. ஏணி அப்படியே இருந்தது. பள்ளியின் இளையோர் குழுவில் சிறுமிகள் சேர்ந்துகொண்டே இருந்தார்கள். வாரம் இரண்டு நாள் பயிற்சியும் நடந்துகொண்டே இருந்தது. அந்தத் தோல்வியைத் தொடர்ந்த ஆண்டுகளில்தான் நோயல் மெக்டொனால்டு என்ற ஆட்டக்காரி குழுவின் நடுநாயகமாக விளங்கினார். 1938இல் கனடாவின் தலைசிறந்த விளையாட்டு வீராங்கனை என்ற சிறப்பும் அவரைத் தேடி வந்தது. 1936இல் குழு மீண்டும் ஐரோப்பா சென்று தோல்வியின்றித் திரும்பியது.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். தோல்விக்கு அடுத்த வாரம் வழக்கமான நாளில் வழக்கமான நேரத்தில் பயிற்சிக்கு வருவதே, தோற்றவர்கள் அடிக்கக்கூடிய முதல் அடி.

இறுதி ஆட்டமும் பின்னாளும்

1939இல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. குழு ஆடி வந்த அரங்கு விமானப் படைப் பயிற்சிக்குத் தேவைப்பட்டது. எப்போதும் வெல்லும் குழு என்பதால் பார்வையாளர் கூட்டமும் குறைந்து வந்தது. 1940இல் பேஜ் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் கடைசி ஆட்டத்தை ஆடி, வெற்றியோடு குழு விடைபெற்றது.

திருமணமானதும் ஆட்டத்தை விட்டுவிடுவதே அந்நாளில் குழுவின் வழக்கமாக இருந்தது. அது அந்தக் காலத்து எண்ணம். இன்று தாய்மாரும் ஓடுகிறார்கள், ஆடுகிறார்கள், பதக்கம் வெல்கிறார்கள். எல்லாவற்றிலும் அவர் காலத்தைத் தாண்டி நின்றார் என்று நாம் சொல்லவில்லை. பெண்களுக்கு முழுத் திடலையும் தந்ததில் அவர் தம் காலத்துக்கு முந்தி நின்றார் என்று உறுதியாகச் சொல்லலாம்.

அரசியலில் பேஜ் வெற்றியையும் தோல்வியையும் மாறி மாறிக் கண்டார். 1948 தேர்தலில் தோற்றார். 1952இல் மீண்டும் வென்றார். 1959இல் மீண்டும் தோற்றார். ஆனால் அதே 1959ஆம் ஆண்டின் இறுதியில் அல்பர்ட்டா மாநிலத்தில் அரசியாரின் பிரதிநிதியாக, ஆளுநர் பதவியில் அமர்த்தப்பட்டார். 1966 ஜனவரி வரை அப்பதவியில் விளங்கினார். அதற்கு முன்பே, 1955இல், கனடாவின் விளையாட்டுப் புகழ் மன்றம் அவரைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. 1973ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2ஆம் நாள், எண்பத்தைந்தாம் வயதில் அவர் மறைந்தார். எட்மன்டனில் ஓர் உயர்நிலைப் பள்ளி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் மறைந்து மூன்று ஆண்டுகள் கழிந்தபின், 1976இல், பெண்களின் கூடைப்பந்து முதன்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. அந்த ஒலிம்பிக் நடந்த இடம் எது தெரியுமா? கனடாவின் மான்ட்ரியால் நகரம்! பதக்கமின்றி நான்கு முறை சென்று ஆடிய பெண்கள் திறக்க முயன்ற கதவு, அவர்கள் நாட்டிலேயே திறந்தது. அதைக் காண மிஸ்டர் பேஜ் உயிரோடு இல்லை.

நாம் கற்பது என்ன?

ஒரு குழுவை முன்னேறத் தூண்டுவது, ஆட்டத்திற்கு முன் ஐந்து நிமிடம் முழங்கும் வீர உரையன்று என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. உரையின் சூடு அரை மணியில் ஆறிவிடும். ஏறுவதற்கு ஒரு படி, வருவதற்கு ஒரு நாள், செம்மை செய்வதற்கு ஒரு சிறு செயல், இம்மூன்றும் இருந்தால் மனம் தானே தூண்டப்படும்.

நம் பள்ளியிலும் இதைச் செய்யலாம். ஆறாம், ஏழாம் வகுப்புத் தங்கைகளுக்கு ஒரு குழு. எட்டாம், ஒன்பதாம் வகுப்பினருக்கு ஒரு குழு. அதற்கு மேல் பள்ளிக் குழு. மூன்றுக்கும் ஒரே ஆட்ட முறை. வாரத்தில் இரண்டு மாலைகள் போதும். ஆனால் அந்த இரண்டும் தவறக் கூடாது. பெண்பிள்ளைகளை மாலையில் நேரத்தோடு வீட்டுக்கு எதிர்பார்க்கும் பெற்றோரிடமும் ஒரு விண்ணப்பம். அந்த இரண்டு மாலைகளை மட்டும் எங்களுக்குத் தாருங்கள். எட்மன்டன் பெண்கள் வேலைக்கும் போனார்கள், குடும்பத்தையும் பார்த்தார்கள், திடலுக்கும் வந்தார்கள். வேளை தவறாமல் வரும் பழக்கம் திடலில் படிந்தால், அது படிப்பறைக்கும் வந்து சேரும்.

இந்த ஆண்டு தோற்ற குழுவில் நாமும் இருந்தோம். காரணங்களை அடுக்கியவர்களில் நாமும் உண்டு. அடுத்த ஜூனில் அந்தக் கடைசி மணி அடிக்கும்போது திடலுக்கு எத்தனை பேர் ஓடி வருகிறோம் என்பது பெரிதன்று. கோப்பை கிடைத்த மறுநாளும், கிடைக்காத மறுநாளும் எத்தனை பேர் வருகிறோம் என்பதே கணக்கு. அந்தக் கணக்கில் நாம் ஒருவரும் குறையாமல் இருப்போமாக!